புலித் தோட்டத்துக்கும் ஒரு குடமுழுக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் இதே பகுதியில் ஒரு வாசகர், சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங்கில் இருக்கும் ஹாவ் பார் வில்லா என்ற சிலைத் தோட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப் போனாராம். சாயம் போன சிமெண்டுப் பொம்மைகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லையாம். இடித்துவிட்டு உருப்படியாக எதையாவது கட்டலாமாம். அதைப் படித்த வாரமே நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்து வந்தோம். அவர் எழுதியதில் பொய்யில்லை, சாயம் போயிருக்கிறதுதான். இடிக்கச் சொன்னதுதான் எனக்குச் சரிப்படவில்லை.

நான் முப்பத்தோரு ஆண்டு கப்பல் பட்டறையில் சாயம் அடிக்கும் பிரிவில் இருந்தவன். துருவைச் சுரண்டி, மணல் பீய்ச்சி, பிரைமர் அடித்து, மேல்சாயம் அடித்து, ஆறு மாதம் கழித்து அதே கப்பல் வந்தால் திரும்பவும் சுரண்டியவன். சாயம் உரிவதைப் பார்த்து எனக்குக் கோபம் வராது. கடல் காற்று அடிக்கும் இடத்தில் சாயம் உரியாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்த ஞாயிறு போகக் காரணம் என் அக்கா. அவர் இங்கே பிறந்தவர். பத்தொன்பது வயதில் தமிழ்நாட்டில் நன்னிலம் பக்கத்தில் கட்டிக்கொடுத்து அப்பா அனுப்பிவிட்டார். இப்போது எழுபத்து மூன்று வயது. பல வருடம் கழித்து இந்த முறைதான் வந்தார். வந்து இறங்கிய அன்றே ஒரு பட்டியல் நீட்டினார். கோடாலித் தைலம் ஒரு டஜன், டைகர் பாம் அரை டஜன். மற்றதெல்லாம் அப்புறம். "அக்கா, இந்த டைகர் பாம்காரர் கட்டின தோட்டத்துக்குத்தான் சின்ன வயசுல அப்பா நம்மளக் கூட்டிட்டுப் போனாரு, நினைவிருக்கா?" என்றேன். தைலப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, "அந்த நண்டு இன்னும் இருக்காடா?" என்றார்.

அப்போதெல்லாம் அனுமதி இலவசம். சீனப் புத்தாண்டு சமயத்தில் போனால் கூட்டம் நெரியும். எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் காசு செலவில்லாமல் ஒரு நாள் முழுக்கப் போய் வர தோட்டம் இருக்கும் அந்த மேட்டை விட்டால் கடற்கரைதான். தோட்டத்துக்கு எதிரே சாலையைத் தாண்டினால் கடல். மலாயில் பாசிர் பாஞ்சாங் என்றாலே நீண்ட மணல் என்றுதானே பொருள். இன்றைக்கு மணலும் இல்லை, கடலும் தள்ளிப் போய்விட்டது. மேட்டில் ஏறி நின்று பார்த்தால் கொள்கலன் முனையத்தின் பளுதூக்கிகள்தான் வரிசையாகத் தெரிகின்றன.

கிளமெண்டியில் ரயில் ஏறி, புவன விஸ்தாவில் வட்டப் பாதைக்கு மாறினால் மூன்றாவது நிலையம். வெளியே வந்ததும் நுழைவாயில். 2011-இல் இந்த நிலையம் திறந்த பிறகு போய் வருவது இவ்வளவு சுலபம். என் மனைவி, மகள், மருமகன், பேத்திக்குப் பன்னிரண்டு வயது, பேரனுக்கு ஏழு. ஒரு தூக்கில் புளிச்சோறு, ஒரு டப்பாவில் அவித்த முட்டை. மருமகனுக்கு வரும் வழியெல்லாம் முகம் சரியில்லை. அவர் கேளிக்கைத் தீவான செந்தோசா போகலாம் என்று சொல்லியிருந்தார்.

தெரியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தோட்டத்தைக் கட்டியவர் ஆவ் பூன் ஹாவ். ரங்கூனில் பிறந்த, ஹக்கா என்ற பிரிவைச் சேர்ந்த சீனர். அப்பாவின் மருந்துக் கடையில் தொடங்கிய தைல வியாபாரத்தைத் தம்பி ஆவ் பூன் பாரோடு சேர்ந்து ஊர் உலகமெல்லாம் கொண்டு போனவர். பெயரில் இருக்கும் ஹாவ் என்றால் புலி, பார் என்றால் சிறுத்தை. 1937-இல் தம்பிக்காக அந்த மேட்டின் மேல் ஒரு மாளிகை கட்டினார், சுற்றிலும் சிலைகள் வைத்தார். இந்த மனிதர் பத்திரிகைக்காரரும்கூட. 1929-இல் இங்கே சின் சியூ ஜிட் போ நாளிதழைத் தொடங்கியவர். போர் வந்தது. தம்பி பர்மாவுக்குப் போய் 1944-இல் ரங்கூனிலேயே இறந்துபோனார். அண்ணன் திரும்பி வந்தபோது மாளிகை சிதைந்து கிடந்தது. அதை இடித்துவிட்டு, சிலைகளை மட்டும் விடாமல் பெருக்கிக்கொண்டே போனார், 1954-இல் சாகும்வரை. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிலைகள் இருக்கின்றன என்கிறார்கள். எட்டரை ஹெக்டர் நிலம். ஒவ்வொன்றும் ஒரு நீதிக்கதை, இல்லாவிட்டால் ஒரு புராணம், இல்லாவிட்டால் ஏன் அங்கே நிற்கிறது என்றே புரியாத ஏதோ ஒன்று. சுமோ மல்லர்கள் நிற்கிறார்கள். அமெரிக்கச் சுதந்திர தேவியும் நிற்கிறாள்.

நண்டுக்கு வருகிறேன். மனிதத் தலை வைத்த நண்டு அது. அக்காவுக்கு மூட்டுவலி, மேடு ஏறுவது சிரமம். நாலு இடத்தில் உட்கார்ந்து, மருமகன் குடை பிடித்து, ஒருவழியாக அதன் முன்னால் போய் நின்றோம். ஓட்டில் சாயம் வெளுத்திருந்தது. முகத்தில் ஒரு பக்கப் புருவம் போய்விட்டது. கண் மட்டும் அதே கண். ஓரமாக, ஏதோ தெரிந்தும் தெரியாதது போல் பார்க்கிற கண். அறுபது வருடத்துக்கு முன் எங்கள் இரண்டு பேரையும் ராத்திரி தூங்கவிடாத கண். பேரன், "தாத்தா, நண்டுக்கு ஏன் மனுசத் தலை?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அக்கா, "எங்க அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு" என்றார்.

இன்னொரு சிலையும் சொல்ல வேண்டும். பல் போன மாமியாருக்கு மருமகள் தாய்ப்பால் கொடுக்கும் காட்சி. சீனர்களின் இருபத்து நான்கு பெற்றோர்பக்திக் கதைகளில் அது ஒன்று. என் மனைவி பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா நிதானமாகப் பார்த்தார். "நல்லவேளை, என் மாமியார் இதைப் பார்க்காமலே போயிட்டாங்க" என்றார். அதுவரை கடுகடுவென்று இருந்த மருமகன் அங்கேதான் முதல்முறை சிரித்தார். அதற்குப் பிறகு செந்தோசா பேச்சு வரவில்லை.

அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நான் குனிந்தது. ஒரு சிலையின் கால் கட்டைவிரல் உடைந்து, உள்ளே கம்பி தெரிந்தது. கம்பிவலையை முறுக்கி உருவம் கட்டி, அதன் மேல் சிமெண்டு பூசி, காய்ந்ததும் வர்ணம் தீட்டுவது. இதுதான் அங்கே உள்ள வேலை. விரலுக்குக் கீழே தரையில் ஒரு சாயச் சில்லு கிடந்தது, என் கட்டைவிரல் நகம் அளவு. எடுத்துப் பக்கவாட்டில் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பழக்கதோஷம். மேலே ஒரு தோல் நிறம், அதற்குக் கீழே கொஞ்சம் சிவந்த தோல் நிறம், அப்புறம் வெள்ளை, அப்புறம் ஒரு பச்சை, பச்சைக்குக் கீழே திரும்பவும் தோல் நிறம், அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒன்று. ஆறு வரை எண்ணினேன். அதற்குமேல் என் கண்ணாடிக்கு எட்டவில்லை. ஆறு முறை யாரோ ஒருவர் அந்தக் காலடியில் குந்தி உட்கார்ந்து தூரிகை பிடித்திருக்கிறார். ஒருமுறை பச்சை அடித்தவர் எதற்காக அடித்தார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெயிலும் மழையும் சாயத்தைத்தான் உரிக்கும். சிலையை உடைப்பது துரு. சாயம் போனதும் சிமெண்டு ஈரத்தை உறிஞ்சும். கடற்காற்றில் இருக்கும் உப்பு ஈரத்தோடு உள்ளே போகும். கம்பி துருப்பிடிக்கும். துரு பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் சிமெண்டு வெடிக்கும். வெடிப்பு வழியாக இன்னும் தண்ணீர் போகும். கப்பலானாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கூரையானாலும் இதே கதைதான். யாருடைய அலட்சியமும் இல்லாமலேயே இப்படி நடக்கும். அதனால் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2020-இல் தோட்டத்தை மூடி, செப்பனிட்டு, அடுத்த ஆண்டு திறந்தார்கள். அப்படியும் ஆயிரம் சிலை என்றால் கடைசிச் சிலையை முடிக்கும்போது முதல் சிலை உரிய ஆரம்பித்துவிடும்.

அந்த வாசகர் இந்த இடத்தில் என்ன சொல்வார் என்று தெரியும். அப்படியானால் இது வீண் செலவுதானே என்பார். அவரிடம் ஒன்று கேட்கிறேன். சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தில் இருப்பது என்ன? சுதைதானே? அதே வெயில், அதே மழை. அங்கேயும் அம்மன் மூக்கு உதிரும், பூதகணத்தின் விரல் உடையும், நந்தியின் கொம்பு போகும். யாராவது இடிக்கச் சொல்கிறோமா? பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டுகிறோம், தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைக்கிறோம், உடைந்ததை ஒட்டி வர்ணம் தீட்டிக் குடமுழுக்கு நடத்துகிறோம். 2023 பிப்ரவரியில் நடந்ததற்கு நானும் போயிருந்தேன். கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது யாரும் செலவைப் பற்றிப் பேசியதாகக் காதில் விழவில்லை. சுதை என்றால் உதிரும், உதிர்ந்தால் பூச வேண்டும் என்பது நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வழக்கத்தைப் பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் கடன் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

மொத்தமாக மூடி மொத்தமாகப் புதுப்பிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அதையும் ஒருமுறை பார்த்தாகிவிட்டது. எண்பதுகளில் அரசு தோட்டத்தை எடுத்துக்கொண்டு, 1990-இல் டிராகன் உலகம் என்ற பெயரில் கேளிக்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். கட்டணம் வைத்தார்கள். ஒரு பெரிய டிராகனின் வயிற்றுக்குள் படகில் உட்கார்ந்து நரகத்தைச் சுற்றி வர வேண்டும். என் மகளைக் கூட்டிப் போனேன். அன்றைய சம்பளத்துக்கு நாலு பேருக்கு நுழைவுச்சீட்டு என்பது யோசிக்க வேண்டிய தொகை. அவளுக்கு இப்போது படகில் தண்ணீர் தெறித்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. சிலைகளில் ஒன்றுகூட இல்லை. கூட்டம் குறைந்தது, நட்டம் வந்தது, டிராகனும் போனது, தோட்டம் பழையபடி இலவசமானது. ஹாங்காங்கில் இதே அண்ணன் தம்பிகள் 1935-இல் கட்டிய தோட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2004-இல் இடித்துவிட்டார்கள். வீடு மட்டும் நிற்கிறது.

நரகத்துக்கும் போனோம். செத்தவர்களை விசாரித்துத் தண்டிப்பதாகச் சீனர்கள் சொல்லும் பத்து நரக மன்றங்கள் இப்போது தோட்டத்தில் உள்ள நரக அருங்காட்சியகத்துக்குள் இருக்கின்றன. அதற்கு மட்டும் கட்டணம். மருமகன் பேரனோடு வெளியே உட்கார்ந்துகொண்டார். நான், அக்கா, பேத்தி மூவரும் உள்ளே. அக்காவின் ஊருக்குப் பக்கத்தில்தான் ஸ்ரீவாஞ்சியம். அங்கே எமனுக்குத் தனிச் சன்னதி. முதலில் எமனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சிவனைப் பார்க்கப் போவார்கள். அதனால் அவருக்கு இங்கே எதுவும் புதிதில்லை. சீனர்கள் யன்லுவோ என்று சொல்லும் நரக ராசா, பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன நம் எமராசாதான். எங்களைச் சின்ன வயதில் கூட்டி வந்த அன்றைக்கு அப்பா, "பாரு, நம்ம ஊர் ஆளு இங்கேயும் உத்தியோகம் பார்க்கிறான்" என்றார். அதையே அக்கா பேத்தியிடம் சொன்னார். சாப்பாட்டை வீணாக்கியவனுக்கும் புத்தகத்தைத் தப்பாகப் பயன்படுத்தியவனுக்கும் உடம்பை இரண்டாக அறுப்பது தண்டனை என்று அங்கே ஒரு மன்றத்தில் இருக்கிறது. பேத்தி அதை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்து தம்பியிடம் ஒப்பித்தாள். அன்றைக்குப் புளிச்சோற்றில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. முட்டை ஓட்டைக்கூட அவன் சந்தேகமாகத்தான் பார்த்தான்.

பத்தாவது மன்றத்தில் மெங் போ என்ற கிழவி இருக்கிறாள். மறுபிறவிக்குப் போகிறவர்களுக்கு அவள் ஒரு கோப்பை தருவாள், குடித்தால் முன்பிறவி மறந்துபோகும். அக்கா கொஞ்ச நேரம் அவள் எதிரே நின்றார். "நான் குடிக்க மாட்டேன்டா" என்றார்.

தமிழ் வாசகர்கள் என்பதால் இன்னொன்று. குரங்கு, பன்றி இவர்களோடு குதிரையில் ஒரு துறவி போகும் சிலைகள் அங்கே இருக்கின்றன. மேற்கு நோக்கிய பயணம் என்ற கதை. கதையில் வரும் அந்தத் துறவி நிஜத்தில் வாழ்ந்தவர், நாம் பள்ளியில் படித்த யுவான் சுவாங்தான். ஏழாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், காஞ்சிபுரம் வரை வந்து போனவர். இதைச் சொன்னதும் பேத்தி, "அப்போ இவருக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இந்தச் சிலைக்குப் பக்கத்தில் காஞ்சிபுரம் என்று தமிழில் ஒரு வரி எழுதி வைத்தால் நம் பிள்ளைகள் அங்கே இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்பார்கள். இது என் ஆசை. சம்பந்தப்பட்டவர்கள் கண்ணில் பட்டால் சரி.

என் முக்கியமான யோசனை வேறு. தோட்டத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரியுங்கள். ஆண்டுக்கு ஒரு பங்கு. அந்த மூலையில் மட்டும் சாரம் கட்டி, துருப்பிடித்த கம்பியை வெட்டி எடுத்து, துருப்பிடிக்காத கம்பி போட்டு, பூசி, வர்ணம் தீட்டுங்கள். மூடி மறைக்க வேண்டாம், பார்க்க விடுங்கள். எங்கள் பேரன் சிலைகளைப் பார்த்ததைவிட அந்த உடைந்த கால்விரலுக்குள் இருந்த கம்பியைப் பார்த்த நேரம்தான் அதிகம். பதின்மூன்று வயதில் வேலைக்கு வந்து கிழவராகும் வரை இந்தச் சிலைகளுக்கு வர்ணம் தீட்டிய ஒருவரைப் பற்றி முன்பு செய்திகளில் வந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பிறகு யார் என்று கேட்டால், நம் கோயில்களுக்கு வரும் சுதைக்காரர்கள் இருக்கிறார்கள். சீன நரகத்தில் மன்னார்குடி ஆள் வேலை செய்தால் என்ன? எமனே செய்கிறான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. புதுச் சாயம் அடிக்கிற உற்சாகத்தில் முகத்தை மாற்றிவிடுவார்கள். கோபுரங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். குடமுழுக்கு முடிந்து சாரம் பிரித்ததும் அண்ணாந்து பார்த்த பெரியவர்கள், "பழைய முகம் போச்சே" என்று முணுமுணுப்பார்கள். உதட்டை ஒரு நூல் தடிப்பாக வரைந்தால் போதும், சாந்தமாக இருந்தவள் எரிச்சல்காரி ஆகிவிடுவாள். அடிக்கும் முன் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடியிலிருந்த நிறம் என்ன என்று பார்த்து அடிக்க வேண்டும். அந்தச் சில்லில் எல்லாம் வரிசையாக இருக்கிறது.

சில்லை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அக்கா விடவில்லை. சிலை இருக்கிற இடத்துப் பொருளை வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது என்று திரும்ப வைக்கச் சொன்னார். இறங்கி வந்த அவ்வளவு தூரமும் மறுபடி ஏறிப் போய், அந்தக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. தைலமெல்லாம் பங்கு போட்டுத் தீர்ந்துவிட்டதாம். நேற்று வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "நண்டுக்குச் சாயம் அடிச்சிட்டாங்களாடா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அடிக்கட்டும். கண்ணை மட்டும் மாத்த வேணாம்னு சொல்லு" என்றார். யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தேன். அதனால்தான் உங்களுக்கு எழுதினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பட்டறை ஊழியர்,
கிளமெண்டி, சிங்கப்பூர்